உணவுக் கோளாறோடு ஊருக்கு வரும் பெண்கள்: சென்னையில் என்ன கிடைக்கிறது, எங்கே இடிக்கிறது

அனோரெக்சியாவிலிருந்து (எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் மனநலக் கோளாறு) மீண்டுகொண்டிருக்கும் மகளோடு லண்டனிலிருந்தோ டொராண்டோவிலிருந்தோ விடுமுறைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். இதற்கென்றே ஒரு குழு ஒரே இடத்தில் இருக்கும் என்று நம்பி வராதீர்கள். மனநல மருத்துவர் ஓரிடம், லேப் ஓரிடம், டயட்டீஷியன் இன்னோரிடம். மூவரையும் கோத்துக்கொள்வது நம் பாடு.

லேப் வசதியைக் குறை சொல்ல முடியாது. காலையில் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறார்கள், சாயங்காலம் வாட்ஸ்அப்பில் முடிவு வந்துவிடுகிறது. ஆனால் ‘எலெக்ட்ரோலைட்ஸ்’ (ரத்தத்தில் உள்ள உப்புகள்) என்று மட்டும் கேட்டால் பாஸ்பரஸும் மக்னீசியமும் அதில் வராது. நமக்கு முக்கியமே அவை இரண்டும்தான். தனியாக எழுதி வாங்குங்கள், கூடவே ஒரு ஈ.சி.ஜி. எல்லாம் நார்மல் என்று வந்தாலும் அசந்துவிட வேண்டாம். உடம்பு உள்ளே காலியாகிக்கொண்டிருக்கும்போதும் ரத்த அளவுகளை நெடுநாள் ஒப்பேற்றிவிடும். படுத்தும் நின்றும் பி.பி. பாருங்கள். நின்றதும் மேல் அளவு 20க்கு மேல் இறங்கினாலோ, விழித்திருக்கையில் நாடி 40க்குக் கீழ் போனாலோ, மயங்கி விழுந்தாலோ, ஓ.பி. டோக்கனுக்கு நிற்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சிக்குப் போக வேண்டும்.

உண்மையான ஆபத்து தெருமுனை கிளினிக்கில் இருக்கிறது. “பொண்ணு சோர்வா இருக்கா, ஒரு குளுக்கோஸ் ஏத்திடலாம்” என்பார்கள், நல்லெண்ணத்தோடுதான். பல நாள் சரியாகச் சாப்பிடாத உடம்பில் சர்க்கரை மளமளவென்று ஏறினால் இன்சுலின் சுரந்து, ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட் (லேப் சீட்டில் பாஸ்பரஸ்), பொட்டாசியம், மக்னீசியம் எல்லாவற்றையும் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். இதயத் துடிப்பு தடுமாறும், மூச்சுக்கான தசைகள் தளரும். தயமின் (வைட்டமின் பி1) தீர்ந்து மூளையும் பாதிக்கப்படலாம். இதைத்தான் ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்கிறார்கள். அதனால் முதலில் தயமின், பிறகு மருத்துவர் சொல்லும் வேகத்தில் சாப்பாடு, ஆரம்ப நாட்களில் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. சர்க்கரை நிஜமாகவே இறங்கியிருந்தால் குளுக்கோஸ் வேண்டும்தான். அப்போதும் தயமின் சேர்த்தே. ‘ரீஃபீடிங் சிண்ட்ரோம் ரிஸ்க்’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஃபைலின் முதல் பக்கமாக வையுங்கள். அவசரத்தில் நின்று விளக்க நேரம் இருக்காது.

பசி எடுக்க டானிக் தருவார்கள்; பசியின்மை அல்ல இங்கே நோய். தைராய்டு பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) சரியாக இருந்து டி3 (தைராய்டு ஹார்மோன்) மட்டும் குறைந்திருந்தால் அது பெரும்பாலும் பட்டினியின் விளைவு. அதற்குத் தைராய்டு மாத்திரை போட்டால் இதயத்துக்கும் எடைக்கும் கேடு. நின்றுபோன மாதவிலக்கை ஹார்மோன் மாத்திரையால் வரவழைத்துவிட்டு ‘சரியாயிடுச்சு’ என்று நினைப்பதும் இப்படித்தான். உடம்பு தேறியதற்கு அது அத்தாட்சி ஆகாது.

எடை மெஷின் வராந்தாவிலேயே இருக்கும், நர்ஸ் எண்ணை உரக்கப் படிப்பார். மகளைத் திரும்பி நிற்கச் சொல்லி, எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் சீட்டில் மட்டும் குறிக்கும்படி நர்ஸிடம் சொல்லுங்கள். தயங்காமல் கேட்டால் செய்கிறார்கள். டாக்டர் அறைக்குள் குடும்பமே நுழைந்துவிடும். பத்து நிமிஷமாவது அவள் தனியாகப் பேசட்டும்.

கவுன்சிலிங்குக்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவுள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டைத் தேடுங்கள். வெளிநாட்டில் அவள் பார்க்கும் தெரபிஸ்ட்டே வீடியோவில் தொடர முடியுமா, அவருடைய லைசென்ஸ் இடம்கொடுக்குமா என்று டிக்கெட் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். கோடையில் லண்டன் காலை 10 மணி, சென்னையில் பிற்பகல் 2.30. நடுராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழில் பேசலாம், இலவசம்.

இத்தனைக்கும் மேல், வீட்டுச் சாப்பாட்டு நேரம். மதியம் 1 மணிக்குச் சாப்பிட்டால் அடுத்தது ராத்திரி 9 என்பது இவளுக்கு ஆகாது. மூன்று வேளைச் சாப்பாடு, இடையிடையே சிற்றுண்டி, எந்த இடைவெளியும் 4 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கல்யாணப் பந்தி தாமதமாகுமென்றால் கைப்பையில் ஏதாவது இருக்கட்டும். “நல்லா பூசினாப்ல இருக்கியே” என்று அத்தை பாராட்டினாலும் அவள் காதில் ‘குண்டாயிட்டே’ என்றுதான் விழும். அன்று ராத்திரிச் சாப்பாடு போச்சு. வருவதற்கு முன்பே போன் போட்டு, உடம்பைப் பற்றி நல்லதாகக்கூட எதுவும் பேச வேண்டாம் என்று பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். விரதமும் கிடையாது. ஏகாதசி, ஆடி வெள்ளி எதுவானாலும் டாக்டர் வேண்டாம் என்றிருக்கிறார் என்று பாட்டியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், அந்தப் பேச்சை அவளிடம் விடாதீர்கள்.