வம்சாவளி தேடித் தரும் சேவை: தேடலுக்குக் கொடுத்த பணம் தகும், மரப்படத்துக்குத் தகாது

என் தாத்தாவின் பெரியப்பா முனுசாமி கட்டைப் பிரம்மச்சாரியாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிப் போனவர், திரும்பி வரவில்லை என்பதற்கு மேல் எங்கள் வீட்டில் அவரைப் பற்றி ஒரு செய்தியும் கிடையாது. அவரைத் தேடித் தரும்படி, இதையே தொழிலாகச் செய்யும் சென்னை அலுவலகம் ஒன்றை அணுகினேன். குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் அதன் பெயரை எழுதவில்லை. கட்டணம் 18,000 ரூபாய். வேலை முடிய நான்கு மாதங்கள் ஆயின.

முதல் நாளே அவர்கள் மூன்று விவரங்களைக் கேட்டார்கள்: தகப்பனார் பெயர், கிராமம், அக்காலத் தாலுகா. குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லாத நம்மிடையே முனுசாமி என்ற பெயரை மட்டும் வைத்துத் தேடினால் நூற்றுக்கணக்கான முனுசாமிகள் வந்து நிற்பார்கள். வீட்டிலிருந்த பழைய கிரயப் பத்திரம் ஒன்றில் ‘சின்னத்தம்பி குமாரர்’ என்று இருந்தது கைகொடுத்தது. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது முதல் 1911 வரை, நேட்டாலில் இறங்கிய 1,52,184 ஒப்பந்தக் கூலிகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கப்பட்டது. அந்த எண்ணுக்கு நேராகப் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடம்பிலுள்ள தழும்பு முதலியவற்றைக் கப்பல் பட்டியலில் எழுதி வைத்தார்கள்.

இந்தப் பட்டியல்களைக் காசு கொடுக்காமல் இணையத்திலேயே பார்க்கலாம். நானும் முன்பு பார்த்துத் தோற்றவன்தான். எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய பெயர்களை எப்படியெல்லாம் திருப்பிப் படிக்கலாம் என்பது எனக்குத் தெரியவில்லை. வந்தவாசியை ‘வாண்டிவாஷ்’ என்றும், முனுசாமியை ‘மூனசாமி’ என்றும், சின்னத்தம்பியை வெறும் ‘சின்னா’ என்றும் வைத்துப் பார்த்து, 1890களில் சென்ற ஒரு கப்பலில் அவரைப் பிடித்தார்கள்: வட ஆற்காடு மாவட்டம், வயது 24, இடது முழங்காலில் தழும்பு.

நான் எதிர்பாராதது அதற்கு அடுத்த எண்ணில் இருந்தது. சேலம் மாவட்டம் ஆத்தூர் தாலுகாவைச் சேர்ந்த இருபது வயதுப் பெண் ஒருத்தியின் பெயருக்கு எதிரே ‘மனைவி’ என்று எழுதியிருக்கிறது. கப்பலுக்காகக் காத்திருந்த நாட்களில் கூலிகளைத் தங்கவைத்த சென்னை டிப்போவிலேயே இப்படிப் பலர் ஜோடி சேர்ந்தார்கள் என்றும், இருவர் ஊரும் இவ்வளவு தள்ளி இருப்பதால் இதுவும் அப்படியே இருக்கக்கூடும் என்றும், ஆனால் அதற்குச் சான்று இல்லை என்றும் அறிக்கையில் ஒழுங்காகப் பிரித்து எழுதியிருந்தார்கள். கட்டைப் பிரம்மச்சாரி கதை அன்றோடு முடிந்தது. அம்மா இரண்டு நாள் அதை நம்பவில்லை.

முனுசாமியின் தம்பி ஊரிலேயே தங்கிவிட்டவர். அவருடைய நிலத்தை, எழும்பூரில் 1909இல் கட்டிய செங்கல் கட்டடத்தில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் வருவாய்த்துறை ஆவணங்களில் தேடிப் பட்டா எண்ணோடு எடுத்துக் கொடுத்தார்கள். அதிலும் குறை இல்லை.

குறையெல்லாம் கடைசியில் கொடுத்த மரப்படத்தில்தான், அதாவது தலைமுறைகளை மரம்போல வரைந்து காட்டும் வம்சாவளிப் படத்தில். தங்க நிறக் கரை போட்ட பெரிய தாளில் சின்னத்தம்பிக்கு மேலே இன்னும் நான்கு தலைமுறை ஏறியிருந்தது. உச்சியில் 1750 என்று ஆண்டு வேறு. முனுசாமி, சின்னத்தம்பி என்று பெயர்கள் மாறி மாறி வந்ததைப் பார்த்துச் சந்தேகப்பட்டு ஆதாரம் கேட்டேன். “பேரனுக்குத் தாத்தா பேரைத்தானே சார் வைப்பாங்க” என்றார் அங்கிருந்தவர். அந்த வழக்கம் உண்மைதான். எந்த ஏட்டைத் திறக்கலாம் என்று யோசிக்க அது உதவும், திறக்காத ஏட்டுக்குப் பதிலாக அதை வைக்க முடியாது. டிப்போ கல்யாணத்தை ஊகம் என்று குறித்துக் கொடுத்த அதே அலுவலகம், இங்கே ஊகத்துக்கும் ஆவணத்துக்கும் ஒரே மையைப் பயன்படுத்தியிருக்கிறது. படத்துக்கென்று தனியாக வாங்கிய 3,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டும் தரவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும், ஆத்தூர்ப் பக்கம் அந்தப் பெண்ணின் ஊரைத் தேடும் வேலையை இவர்களிடமே கொடுத்திருக்கிறேன். மரப்படம் வேண்டாம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் முன்பணம் கட்டினேன்.