இலவச கர்ப்பப்பை முகாம் என்று நோட்டீஸ் வந்தால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

முக்கூடல், பாப்பாக்குடி, சேரன்மகாதேவி வட்டாரத்தில் வீடு வீடாக ஒரு ரோஸ் கலர் நோட்டீஸ் வருகிறது. கர்ப்பப்பை பரிசோதனை இலவசம், ஸ்கேன் இலவசம், நீர்க்கட்டி 90 நாளில் கரையும், ஆபரேஷன் வேண்டாம், பக்கவிளைவு கிடையாது என்று போட்டிருக்கும். முகாம் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் நடக்கும். நடத்துகிறவர்களுக்கு நெல்லையில் ஒரு மாடியில் ‘சென்டர்’ இருக்கிறது. அங்கே 28,000 ரூபாய் கட்டியவள் நான். அந்தப் பணம் என் அம்மா பீடி சுற்றிச் சேர்த்த சீட்டுப் பணம்.

சென்டரின் பெயரைப் போடவில்லை. போர்டை மாற்றி இன்னொரு பெயரில் தென்காசியிலோ வள்ளியூரிலோ கடை விரிக்க அவர்களுக்கு ஒரு வாரம் போதும். அதனால் அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள், எப்படிப் பணம் வாங்குகிறார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன். கேட்டதும் அடையாளம் தெரிந்துவிடும்.

எனக்கு வயசு இருபத்து நாலு, தனியார் பள்ளியில் டீச்சர். படிக்கிற காலத்திலிருந்தே மாதவிலக்கு ஒழுங்காக வராது. ரெண்டு மாசம் தள்ளும், சில சமயம் மூணு மாசமும் தாண்டும். தாடையில் முடி. பின்கழுத்தில் கறுப்பு. “ஏட்டி, கழுத்தை நல்லா தேய்ச்சுக் குளிக்க மாட்டியா” என்று பெரியம்மா வீட்டு விசேஷத்தில் நாலு பேர் முன்னால் கேட்பார்கள். முன்பு ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினோம். மாதவிலக்கை வரவழைக்க மாத்திரை கொடுத்தார்கள், அதோடு சரி. எனக்கு என்ன நோய் என்று நான் கேட்டால், டாக்டர் அம்மாவைப் பார்த்து, “கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிரும்” என்று பதில் சொல்வார். இப்படியே வருசக்கணக்கில் ஓடியது. இந்த நோட்டீஸ்காரர்களுக்கு எங்கள் ஊரில் இத்தனை பேர் கிடைப்பதற்கு அந்த ஒற்றை வரிப் பதிலும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கேட்டதற்கு யாரும் விளக்கம் சொல்லாத இடத்தில், உட்கார வைத்து அரை மணி நேரம் பேசுகிறவர் தெய்வமாகத்தான் தெரிவார்.

முகாமில் அப்படித்தான் பேசினார்கள். வாசலில் பெயர், தெரு, போன் நம்பர், கல்யாணம் ஆகிவிட்டதா, ஆகவில்லையென்றால் மாப்பிள்ளை பார்க்கிறார்களா என்று எல்லாம் எழுதி வாங்கினார்கள். அப்புறம் தண்ணீர் குடிக்கச் சொல்லி, மூத்திரத்தை அடக்கி வைத்தபடி வரிசையில் உட்கார்த்தினார்கள். உள்ளே ஒரு சின்ன ஸ்கேன் மெஷின். பார்த்த பெண் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். பெயரும் சொல்லவில்லை, படிப்பும் சொல்லவில்லை. உள்ளே போன ஒருத்திகூட ஒன்றும் இல்லை என்று வெளியே வரவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீர்க்கட்டி, மூணு பிள்ளை பெற்ற மதினிக்கும் நீர்க்கட்டி. மாதவிலக்கு நின்று பல வருசமான எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சிக்கு மட்டும் கர்ப்பப்பை வீக்கம் என்று மாற்றிச் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கே பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு பிசிஓஎஸ், அதாவது ஊரில் நீர்க்கட்டி என்று சொல்லும் ஹார்மோன் கோளாறு, என்றுதான் சொல்கிறது. எங்கள் மண்டபத்தில் பத்துக்குப் பத்து.

ஸ்கேன் முடிந்ததும் என்னை வெளியே நிறுத்திவிட்டு அம்மாவை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்கள். கையில் என் ஸ்கேன் படம். கறுப்புக் கறுப்பாக உருண்டைகள். “எல்லாம் கட்டிம்மா. இப்ப விட்டா பிள்ளைக்குப் பிள்ளை தங்காது. கட்டி பெருசானா கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதுதான்” என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மா வெளியே வரும்போது முகமே மாறிப்போயிருந்தது. “என்னம்மா சொன்னாங்க?” என்றேன். “ஒண்ணுமில்லட்டி, மருந்து சாப்பிட்டா சரியாயிருமாம்” என்றார். மறுநாளே சீட்டுக்காரரைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்தக் கறுப்பு உருண்டைகள் என்ன என்று பிறகு ஒரு மகப்பேறு மருத்துவர் படம் வரைந்து விளக்கினார். முட்டை வளரும் சிறு பைகள் அவை, ஒவ்வொன்றும் 2 முதல் 9 மில்லிமீட்டர் வரை இருக்கும். பிள்ளை பெறும் வயதில் எல்லாப் பெண்களின் சூலகத்திலும் (ஓவரி) இவை உண்டு. மாதாமாதம் அவற்றில் ஒன்று பெரிதாகி வெடித்து முட்டை வெளிவர வேண்டும். இன்சுலினும் ஆண் ஹார்மோனும் கூடும்போது எதுவுமே முழுதாக வளராமல் பாதியில் நின்று, ஓரமாகச் சேர்ந்துகொள்கின்றன. இது புற்றுநோய்க் கட்டியும் அல்ல, அறுத்து எடுக்க வேண்டிய கட்டியும் அல்ல. இதற்காகக் கர்ப்பப்பையை எடுக்கிற பேச்சே வராது. படத்தை மட்டும் வைத்து பிசிஓஎஸ் என்று சொல்லவும் முடியாது. 2003இல் ராட்டர்டாமில் மருத்துவர்கள் வகுத்த விதிப்படி மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்: மாதவிலக்கு ஒழுங்கில்லாமை, ஆண் ஹார்மோன் கூடியதற்கான அடையாளம் (தாடையில் முடி போல), ஸ்கேனில் இந்தச் சிறு பைகள் நிறையத் தெரிவது. அதுவும் தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) போன்ற மற்ற காரணங்கள் இல்லை என்று பார்த்த பிறகுதான். எனக்கு முதல் இரண்டும் இருந்ததால் ஸ்கேனே தேவைப்பட்டிருக்காது. வயசுக்கு வந்து எட்டு வருசம் ஆகாத பிள்ளைகளுக்கு ஸ்கேனை வைத்து இந்த நோயை முடிவு செய்யக் கூடாது என்று 2018இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த வயதில் நல்ல சூலகமே அப்படித்தான் தெரியும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் படுக்க வைத்துப் பயமுறுத்தியவர்களை என்ன சொல்ல?

பணத்துக்கு வருவோம். மூன்று கட்ட ‘கோர்ஸ்’ என்பார்கள், ஆனால் முழுப் பணமும் முதல் நாளே கட்டியாக வேண்டும். இன்றைக்குக் கட்டினால் தள்ளுபடி, நாளைக்கு வந்தால் 40,000. ரசீது கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் ‘கன்சல்டேஷன்’ என்று எழுதி 500 ரூபாய் போட்டுத் தந்தார்கள். மீதி எங்கே என்றால், அது மருந்துக்கு, ஜிஎஸ்டி வரும், உங்களுக்குத்தான் நஷ்டம் என்று பதில். ஒரு வெள்ளை டப்பாவில் பொடி, இன்னொன்றில் கேப்சூல். இரண்டிலும் ஸ்கெட்ச் பேனாவால் ஒன்று, இரண்டு என்று எழுதியதைத் தவிர ஒரு எழுத்து இல்லை.

மருந்து ஆரம்பித்ததும் மாதவிலக்கு வந்தது. அம்மாவுக்கு ஒரே சந்தோசம், நெல்லையப்பர் கோவிலுக்குப் போய் விளக்குப் போட்டு வந்தார். ஆனால் வந்தது நிற்கவில்லை. வாரக்கணக்கில் போனது. போன் செய்து கேட்டால், “கெட்ட ரத்தம், கழிவெல்லாம் வெளியேறுது, பயப்படாதீங்க, மருந்தை நிறுத்திராதீங்க” என்றார்கள். வகுப்பில் போர்டு பக்கம் திரும்பினால் கண் இருட்டும். அந்த நிலையில் என்னைக் கூப்பிட்டு இரண்டாவது ஸ்கேன் எடுத்து, கட்டி பாதி கரைந்துவிட்டது என்று ஒரு படம் காட்டினார்கள். இரண்டு படத்திலும் அளவு எதுவும் குறிக்கவில்லை. இரண்டாவது படத்தில் என் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. யார் சூலகமோ! அடுத்த கட்டத்துக்கு ‘ஸ்பெஷல் லேகியம்’ 9,000 ரூபாய் என்றார்கள். அம்மா முதல் தடவையாக, “வீட்டுல கேட்டுச் சொல்லுதோம்” என்று எழுந்தார்.

இதைவிட எனக்கு ஆத்திரம் வந்தது வேறொன்றில். எங்கள் தெருவில் வேறு வீடுகளுக்குப் போன் செய்து, “உங்க தெரு டீச்சர்கூட எங்ககிட்டதான் பாக்காங்க, நல்ல குணம்” என்று சொல்லி ஆள் பிடித்திருக்கிறார்கள். பெயர் சொல்லவில்லையாம். எங்கள் தெருவில் டீச்சர் நான் ஒருத்திதான். தரகர் கொண்டுவந்திருந்த ஒரு வரன் அதற்குப் பிறகு பேச்சு மூச்சில்லை. அந்த வரன் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் என் உடம்பைப் பற்றி ஊருக்குச் சொல்ல அவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

கடைசியில் பள்ளியில் மயங்கி விழுந்த அன்று, கூட வேலை பார்க்கும் அக்கா நேராகப் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஹீமோகுளோபின் எட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. ரத்தப்போக்கை நிறுத்தி, உடம்பு தேறிய பிறகுதான் மற்றதைப் பார்த்தார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா முதலில் பார்த்தது என் கழுத்தை. அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை, இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம் என்றார். பிபி பார்த்தார், எடை, இடுப்பளவு பார்த்தார், வீட்டில் யாருக்குச் சர்க்கரை என்று கேட்டார். தைராய்டு பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருக்கிறேன் என்று தெரிந்தது. 28,000 வாங்கிய இடத்தில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதிக்கவில்லை. என் அப்பா வழியில் மூன்று பேருக்குச் சர்க்கரை இருக்கிறது என்பதைக் கேட்கக்கூட இல்லை.

மாத்திரை எழுதும்போது ஒரு கூத்து நடந்தது. மாதவிலக்கை ஒழுங்குபடுத்தவும் முகத்து முடியைக் குறைக்கவும் கருத்தடை மாத்திரை வகையில் ஒன்றை எழுதினார். அம்மா அதிர்ந்துபோய், “என்னம்மா சொல்லுதிய, கல்யாணம் ஆவாத பிள்ளைக்கு அந்த மாத்திரையா?” என்றார். டாக்டர் கோபப்படவில்லை. இதில் இருப்பது ஹார்மோன், இங்கே அது வேறு வேலைக்கு, நிறுத்தினால் கருத்தரிப்பதற்குத் தடை இல்லை என்றார். மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு மேல் வராமலே இருந்தால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும், வருசக்கணக்கில் விட்டால் அது புற்றுநோய் வரைக்கும் போகலாம், அதனால்தான் இது என்று விளக்கினார். ஒற்றைத் தலைவலி உண்டா, குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறைந்த நோய் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதினார். முகத்து முடி குறைய ஆறு மாசமாவது ஆகும், அதற்குள் பலன் இல்லை என்று நிறுத்திவிடாதே என்றும் சொன்னார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். தினமும் நடை, சோற்றைக் குறைத்துப் பயறும் காயும் கூட்ட வேண்டும். ஆச்சி ஊட்டிய கருப்பட்டி போட்ட உளுந்தங்களியைக் கேட்டேன். உளுந்து நல்லதுதான், கருப்பட்டியும் சர்க்கரைதான், அளவாகச் சாப்பிடு என்றார். பிள்ளை வேண்டும் என்கிற காலம் வரும்போது முட்டை வெடிக்க வைக்க லெட்ரோசோல் என்று ஒரு மாத்திரை இருக்கிறது, அதில் நிறையப் பேருக்குப் பலன் கிடைக்கிறது என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். இந்த நோயை ஒரேயடியாகத் தீர்க்கும் மருந்து கிடையாது, கட்டுக்குள் வைத்திருக்கலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். ‘90 நாளில் கரையும்’ என்பதைக் கேட்ட காதுக்கு இது கசப்புதான்.

சித்த மருத்துவத்தை நான் குறை சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பாளையங்கோட்டையிலேயே 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முறையாகப் படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவரிடம் போக விரும்பினால் அங்கே போங்கள். விற்பனைக்கு வரும் சித்த மருந்து டப்பாவிலும் தயாரித்தவர் முகவரி, உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, சேர்மானம் எல்லாம் இருக்க வேண்டும். ஆங்கில மருத்துவர் என்றால் மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் பதிவு எண் போட வேண்டும். ஸ்கேன் மெஷின் வைத்திருப்பவர் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைப் பதிவு செய்து, சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். அந்த மண்டபச் சுவரில் மணமக்கள் பெயர் எழுதிய தெர்மாகோல்தான் மாட்டியிருந்தது. அந்த நோட்டீஸே குற்றம் என்பது இன்னும் வேடிக்கை. மாதவிலக்குக் கோளாறைச் சரிசெய்வோம் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவ விளம்பரச் சட்டம் தடை செய்கிறது. பெண்களின் மலட்டுத்தன்மை, உடல் பருமன் என்று அந்தப் பட்டியல் நீளும்.

கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்திருக்கிறேன். மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கும் ஒரு நகல். பணத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருசத்துக்குள் போக வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்தும் கேட்கலாம். என்னிடம் 500 ரூபாய்ச் சீட்டு மட்டும் இருப்பதுதான் சிக்கல். நல்லவேளையாக, மீதிப் பணத்தில் 15,000 ஜிபே-யில் போனதால் அந்தப் பதிவு இருக்கிறது.

அதே முகாமில் பணம் கட்டியவர்கள் நோட்டீஸ், டப்பா, மீதி மருந்து எதையும் தூக்கிப் போடாதீர்கள். போட்டோ எடுத்து வையுங்கள், ஜிபே பதிவைத் தேடி எடுங்கள். ரத்தம் அதிகமாகப் போகிறவர்கள் மருந்தை நிறுத்திவிட்டு முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மனுவெல்லாம் அப்புறம். பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்று தயங்குகிறவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள். முன்னால் நிற்க நான் இருக்கிறேன், உங்கள் ரசீது மட்டும் போதும்.