பச்சைப் பூட்டு வந்தால் காசு கட்ட வேண்டாம்: அன்பேவால் நீட்சி

பகுதிநேரமாக முதுகலை படிக்கும் ஆசிரியர்கள், படித்து முடித்ததும் பல்கலைக்கழக நூலகக் கணக்கை இழந்தவர்கள், எல்லாரும் உலாவியில் போட்டுக்கொள்ள வேண்டியது இந்த அன்பேவால் (Unpaywall). காசு கேட்கும் ஆய்வுக் கட்டுரைக்குச் சட்டப்படியான இலவசப் பிரதி இணையத்தில் இருந்தால் தேடிக் காட்டும் நீட்சி இது. ஒரு வருடமாகப் பயன்படுத்துகிறேன். இலவசம், சட்டத்துக்கு உட்பட்டது.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடை ஒன்றில் உட்கார்ந்து, இருமொழிப் பிள்ளைகளின் வாசிப்பு பற்றிய கட்டுரையைத் திறந்தேன். சுருக்கம் மட்டும் தெரிந்தது, மீதிக்கு ஏறக்குறைய 160 வெள்ளி (ரிங்கிட்) கேட்டார்கள். பன்னிரண்டு பக்கத்துக்கு! எழுதியவருக்கோ, சரிபார்த்த பேராசிரியர்களுக்கோ அதில் பொதுவாக ஒரு சென்கூடப் போவதில்லை, ஆய்வுக்கான பணமும் பெரும்பாலும் மக்களின் வரிப்பணம், அப்புறம் அதைப் படிக்க அதே மக்கள் ஏன் இன்னொரு முறை கட்ட வேண்டும்? தோழி சொல்லி இதை நிறுவிவிட்டு அதே பக்கத்தைத் திறந்தேன். வலது ஓரத்தில் சின்னதாக ஒரு பச்சைப் பூட்டு. அழுத்தினால், கட்டுரையை எழுதியவரே தன் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஏற்றிவைத்த இறுதி வரைவு, முழுசாக.

வரைவின் பக்க எண் அச்சிதழோடு ஒத்துப்போகாது, மேற்கோள் காட்டும்போது கவனம். கைப்பேசி குரோமில் ஓடாது. பூட்டு சாம்பல் நிறமாக இருந்தால் இலவசப் பிரதி அகப்படவில்லை என்று அர்த்தம். அப்போது எழுதியவருக்கே மின்னஞ்சல் போடுங்கள், எனக்கு இரண்டு பேர் உடனே அனுப்பினார்கள்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. இது டிஓஐ (DOI) எண்ணை, அதாவது ஒரு கட்டுரைக்கென்று பதிவுசெய்யும் நிரந்தர அடையாள எண்ணை, வைத்துத்தான் தேடுகிறது. தமிழ்க் கட்டுரைகள் பலவற்றுக்கு அந்த எண்ணே கிடையாது, அதனால் இதழின் தளத்தில் இலவசமாகவே கிடந்தாலும் பூட்டு எட்டிப் பார்ப்பதில்லை. நம் ஆய்விதழ் நடத்துபவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

எழுதுபவரிடம் காசு வாங்கிக்கொண்டு இதழே கட்டுரையை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிடும் வழியும் இருக்கிறது. நேச்சர் என்ற அறிவியல் இதழ் 2021இல் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ என்று வைத்தது. கோலாலம்பூரில் ஒரு விரிவுரையாளர் அதற்கு எங்கே போவார்? களஞ்சியத்தில் ஏற்றுவதற்குச் செலவே இல்லை. ஏற்றுக்கொள்ளப்பட்ட வரைவைப் போட நிறையப் பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன, சில பதிப்பகங்கள் ஆறு மாதமோ ஒரு வருடமோ காத்திருக்கச் சொல்லும், அவ்வளவுதான். மலாயாப் பல்கலைக்கழகம், பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் (யுஎஸ்எம்) இரண்டிலும் களஞ்சியம் இருக்கிறது. அங்கே கட்டுரை எழுதுகிற அண்ணன்மார், அக்காமார், பதிப்பக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் வரைவைக் களஞ்சியத்தில் போட அனுமதிக்கும் அந்த ஒரு வரியைத் தேடிப் பாருங்கள், வரைவைக் கணினியிலிருந்து அழித்துவிடாதீர்கள்.