பெருங்குடியா, வேளச்சேரியா, திருவான்மியூரா: காற்றைப் பார்த்து வீடு தேடியபோது

அம்மாவுக்கு ஆஸ்துமா. அதனால் தென்சென்னையில் வாடகை வீடு தேடியபோது பள்ளி, அலுவலகம் எல்லாவற்றுக்கும் முன்னால் காற்றைத்தான் பார்த்தோம். மூன்று இடங்களிலும் வீடுகளைப் பார்த்துவிட்டுக் கடைசியில் திருவான்மியூரில் குடியேறினோம். என் ஓட்டும் அதற்குத்தான்.

வேளச்சேரியில் ரயில், கடைகள், மருத்துவமனை எதற்கும் குறைவில்லை. நூறடிச் சாலை நெரிசலைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாங்கள் தயங்கியது வேறு காரணத்துக்காக. 2015இலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் தேங்கிய பகுதி அது. பார்த்த தரைத்தள வீடுகளில் சுண்ணாம்புக்கு அடியில் பூஞ்சை கருத்திருந்தது. இழுப்பு உள்ளவர்களுக்குப் புகையைப் போலவே பூஞ்சையும் ஆகாது.

பெருங்குடியில் வீடு புதிது, லிஃப்ட் உண்டு, அலுவலகம் பக்கம். மெட்ரோ பணியின் புழுதியை, உள்தெருவில் வீடு எடுத்தால் ஓரளவு தவிர்க்கலாம். தவிர்க்க முடியாதது குப்பைக் கிடங்கு. 2022 ஏப்ரல் இறுதியில் அது தீப்பிடித்துப் பல நாள் புகைந்ததை அந்தப் பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றும் வேலை நடக்கிறது. ஆனால் குடியிருக்கப் போகிறவர் முதலில் கவனிக்க வேண்டியது காற்றின் திசை.

கிடங்கு, பழைய மகாபலிபுரம் சாலைக்கு மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் இருக்கிறது. நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்தால் வாடை மேற்கே போய்விடும். சாலையோரக் குடியிருப்புகளில் காற்று நன்றாக இருக்கும். இரவில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பும்போது வாடையும் திரும்பி வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று ஓங்கும் நாட்களில் பகலிலும் வரலாம். தரகர்கள் பெரும்பாலும் மாலையில்தான் வீடு காட்டுகிறார்கள். எங்களுக்குப் பிடித்துப்போன ஒரு வீட்டில், மேற்குப் பார்த்த படுக்கையறை ஜன்னலின் விளிம்பு முழுவதும் பழுப்பு நிற டேப் ஒட்டியிருந்தது. முன்பு குடியிருந்தவர்கள் ஒட்டியது. ஏன் என்று காவலாளியிடம் கேட்டோம். "ராத்திரியில் ஒரு முறை வந்து பாருங்கள் சார்" என்றார். போய்ப் பார்த்தோம். கருகிய பிளாஸ்டிக்கும் புளிப்பும் கலந்த நெடி. அம்மா காரை விட்டு இறங்கவில்லை.

இதைச் செயலியில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலி காட்டும் காற்றுத் தரக் குறியீட்டில் நுண்துகள் கணக்கு 24 மணி நேரச் சராசரி. இரவில் சில மணி நேரம் வந்து போகும் புகை அதில் கரைந்துவிடும். மேலும், 51 முதல் 100 வரை 'திருப்திகரம்' என்று காட்டினாலும், எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு அப்போதும் லேசான மூச்சுச் சிரமம் வரலாம் என்று அந்தக் குறியீட்டின் விளக்கமே சொல்கிறது.

திருவான்மியூரில் நாங்கள் இருப்பது கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கிழக்கே. கடற்காற்று எந்தச் சாலையையும் கடக்காமல் நேராக வீட்டுக்குள் வருகிறது. பழைய வீட்டில் பால்கனிக் கம்பியைத் துடைத்தால் துணியில் பிசுபிசுப்பான கரி ஒட்டும். இங்கே ஒட்டுவது உப்பு. அந்த உப்பு ஜன்னல் கீலையும் ஏசியின் வெளிப்பெட்டியையும் அரிக்கிறது. வாடகை கூடுதல், அறைகள் சிறியவை, கட்டடம் பழையது. இரவில் மேற்கு ஜன்னல்களை இங்கேயும் சாத்தித்தான் வைக்கிறோம். போகிப் புகையிலிருந்து எந்தப் பகுதிக்கும் தப்பில்லை. அம்மாவுக்கு இப்போது நெபுலைசர் அதிகம் தேவைப்படுவதில்லை. இடையில் மருந்தும் மாறியது. ஆகவே எல்லாம் காற்றின் பயன் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

கடலோரம் என்றாலே நல்ல காற்று என்று வடக்கே கணக்குப் போட்டுவிடக் கூடாது. எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையங்களே கடலோரத்தில்தான் நிற்கின்றன. அங்கே கடற்காற்று புகையை ஊருக்குள் கொண்டுவருகிறது. பிழைப்பு அங்கே இருப்பவர்களிடம் வேறு இடம் பாருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆலைகளைக் கட்டுப்படுத்துவதுதான் அவர்களுக்கான தீர்வு.

திருவான்மியூர் வாடகை கட்டுப்படியாகாவிட்டால், என் அடுத்த தேர்வு பெருங்குடியில் சாலைக்குக் கிழக்கே, உள்தெருவில், படுக்கையறை ஜன்னல் மேற்குப் பார்க்காத வீடு. முன்பணம் கொடுக்கும் முன் இரவு பத்து மணிக்கு மேல் ஒரு முறையும் விடியற்காலையில் ஒரு முறையும் போய் நின்று பாருங்கள்.