பைபாஸ் முடிந்து வருகிறவருக்கு ஏஜென்சி மூலம் "நேர்ஸ்" எடுக்கப் போகிறீர்களா? காசு கட்ட முன் வாசியுங்கள்

மட்டக்களப்பில் வீட்டுக்கே வந்து நோயாளி பார்க்க "பயிற்சி பெற்ற தாதியர்" அனுப்புகிறோம் என்று பேஸ்புக்கில் விளம்பரம் போடுகிற ஏஜென்சி ஒன்றிடம் ஒரு லட்சத்துக்கு மேல் கட்டிவிட்டு, அப்பாவைத் திரும்ப வார்ட்டில் படுக்க வைக்க வேண்டி வந்தது. காசு விஷயம் இன்னும் வழக்குக்கு முன் பேசித் தீர்க்கிற இணக்க சபையில் இருப்பதால் பெயர் போடவில்லை.

அப்பாவுக்குக் கொழும்பு தேசிய வைத்தியசாலையில்தான் பைபாஸ் செய்தார்கள். அங்கே ஒரு குறையும் சொல்ல முடியாது. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற அன்று வார்ட் தாதி மிஸ்ஸி எங்களை இருத்தி வைத்து, நெஞ்செலும்பை அறுத்துக் கம்பியால் கட்டியிருக்கிறோம், அது பொருந்த ஆறு எட்டுக் கிழமை போகும், முழுதாக உறுதியாக மூன்று மாதமும் ஆகலாம், அதுவரை கையைப் பிடித்து இழுத்து எழுப்பக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். பைபாஸுக்காகக் காலில் இரத்தக் குழாய் எடுத்த காயமும் இருக்கிறது, ஆளுக்குச் சீனி வருத்தமும் இருக்கிறது, காயத்தைக் கவனியுங்கள் என்று அதை மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

கல்லடியில் வீட்டில் அம்மா மட்டும்தான். அவவுக்கு முழங்கால் வருத்தம். நான் விடியவே கல்முனைக்கு பஸ் ஏறுகிற ஆள், தம்பி கட்டாரில். அதனால்தான் ஆள் தேடினோம்.

ஏஜென்சி மேடம் நன்றாகப் பேசுவார். "எங்கட பிள்ளையள் எல்லாரும் ஆஸ்பத்திரியில ட்ரெய்னிங் எடுத்தவங்க, பைபாஸ் பேஷன்ட் பார்த்துப் பழக்கம், நீங்க யோசிக்காம வேலைக்குப் போங்க" என்றார். பதிவுக் கட்டணம் 15,000, ஒரு மாதச் சம்பளம் முற்பணம் 95,000. ஒப்பந்தம் இரண்டு பக்கம், முழுக்க ஆங்கிலம். தமிழில் தாருங்கள் என்றதற்கு, எல்லாருக்கும் இதுதான், கொழும்பிலிருந்து வருகிற படிவம் என்றார்கள்.

வந்தது படுவான்கரைப் பக்கத்துப் பிள்ளை ஒன்று, இருபது வயது இருக்கும், வெள்ளைக் கோட் போட்டிருந்தது. நல்ல பிள்ளை, அதையும் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து உள்ள ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். பைபாஸ் செய்தவர்கள் வீட்டில் எல்லாம் அது இருக்கும், வாயில் வைத்துக் காற்றை உள்ளே உறிஞ்சினால்தான் பந்து மேலே எழும்பும். இந்தப் பிள்ளை அப்பாவை ஊதச் சொல்லி, பந்து அசையாததைப் பார்த்துவிட்டு, "ஐயா, இது பழுது" என்று எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டது. பிறகு ஒரு நாள் கட்டிலில் இருந்து எழுப்ப இரண்டு கையையும் பிடித்து இழுத்திருக்கிறது. "இழுக்காதீங்க மகள், நெஞ்சு, நெஞ்சு" என்று அப்பா கத்தியதில் பக்கத்து வீட்டு மாமி ஓடி வந்திருக்கிறா. நான் வேலையில் நின்றபடியே ஏஜென்சிக்கு அடித்தேன். சொல்லித் தருகிறோம் என்றார்கள்.

கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையும் மாலையும் பிரஷர், சீனி, காய்ச்சல் எல்லாம் எழுதி வைக்க ஏஜென்சியே அழகான கொப்பி ஒன்று தந்திருந்தது, நானும் வேலையால் வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். பிரஷர் 120/80. அடுத்த நாளும் 120/80. வெறுவயிற்றில் சீனி 126, மறுநாள் 124, திரும்ப 126. வருஷக்கணக்காகப் பிரஷர் குளிசை போடுகிற மனிசனுக்கு இப்படி ஒரு சீரா என்று தோன்றி, மெஷினில் மெமரி பட்டனை அமத்திப் பார்த்தேன். நான் ஞாயிற்றுக்கிழமை பார்த்ததுதான் கடைசியாக இருந்தது! கொப்பியில் எழுதிய ஒன்றும் அதில் இல்லை. சீனி பார்க்கிற ஸ்ட்ரிப் போத்தலைத் திறந்தால் நாங்கள் வாங்கி வைத்தது கிட்டத்தட்ட அப்படியே இருந்தது.

அன்றிரவே அப்பாவுக்குக் காய்ச்சல். கால் துணியை விலக்கினால் முழங்காலுக்குக் கீழே காயம் ஈரமாக, மணத்துக்கொண்டு இருக்க, மேலே பவுடர் தூவி பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. 1990க்கு அடித்தோம், அம்பியுலன்ஸ் வந்தது, அதற்குக் காசில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சீனி 300ஐத் தாண்டியிருந்தது. நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள், கம்பிகள் இடம் மாறவில்லை. கால் காயத்துக்கு ஊசி மருந்து ஏற்றி, ஆள் திரும்ப நடக்கிற அளவுக்கு வரப் பட்ட பாடு வேறு.

பிள்ளை அழுதுகொண்டு எல்லாவற்றையும் சொன்னது. மூன்று கிழமை வகுப்பாம், பொம்மையில்தான் பழகியதாம், பைபாஸ் செய்த ஆளை முதன்முதலாகப் பார்ப்பதே எங்கள் வீட்டில்தானாம். நாங்கள் கட்டிய 95,000இல் அதற்குக் கொடுப்பது 35,000. ஒரு வருஷம் நின்றால் வெளிநாட்டுக்கு அனுப்புவோம் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். கொப்பியில் இடைவெளி விடாதே, வீட்டுக்காரர் அதைத்தான் பார்ப்பார்கள் என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்களே. எனக்கு அந்தப் பிள்ளையில் கோபம் இல்லை. கொப்பியை அச்சடித்துக் கொடுத்தவர்களில்தான் கோபம்.

காசைத் திருப்பிக் கேட்டதற்கு மேடம் சொன்ன பதில், வேலை தொடங்கினால் திருப்பித் தர மாட்டோம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, சீனிக்காரருக்குக் காயம் அப்படித்தான், வேணுமெண்டா வேற பிள்ளை அனுப்புறம். அதோடு என் நம்பரை புளொக் பண்ணிவிட்டார்கள்.

ஆள் எடுக்கத்தான் வேண்டும் என்றால் "நேர்ஸ்" என்று சொன்னவுடன் தாதியர் பேரவைப் பதிவைக் கேளுங்கள், அது இல்லாவிட்டால் அவர் நேர்ஸ் இல்லை. பராமரிப்பாளர்தான் என்றால் என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழைக் கையில் வாங்கி, மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் விசாரியுங்கள். அந்த மூன்று பந்துக் கருவியை நீட்டி எப்படிப் பாவிப்பது என்று கேட்டாலே பாதி விளங்கிவிடும். மாதக் காசை முன்னுக்குக் கொடுக்காதீர்கள், கிழமைக்குக் கிழமை கொடுங்கள், உங்களுக்கு விளங்காத மொழியில் உள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம். காயம் கழுவி மருந்து கட்ட அரச ஆஸ்பத்திரிகளில் காசு வாங்குவதில்லை, இப்போது நாங்கள் அப்பாவை ஓட்டோவில் அங்கேதான் கொண்டுபோகிறோம். காய்ச்சல் வந்தாலோ, காயத்தில் நீர், சீழ் வடிந்தாலோ, நெஞ்சுக்குள் 'டிக் டிக்' என்று எலும்பு உரசுகிற மாதிரி இருந்தாலோ, ஓரிரு நாளில் நிறை சட்டென்று கூடினாலோ ஏஜென்சிக்கு அடிக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

1977க்கு அடித்து நுகர்வோர் அதிகார சபையிலும் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். இணக்க சபைத் தவணைக்கு ஏஜென்சிக்காரர் இதுவரை வரவில்லை. இனியும் வராவிட்டால், இணக்கம் ஏற்படவில்லை என்று சபை தருகிற சான்றிதழோடு நீதிமன்றம் போகலாம். இதே மாதிரிக் காசு கட்டினவர்கள் வேறு யாரும் இருந்தால் பற்றுச்சீட்டையும் வட்ஸ்அப் மெசேஜ்களையும் அழிக்காமல் வைத்திருங்கள்.