கெல்லி துரை கட்டியதா, கப்பித்தான் கட்டியதா?

தமிழ்நாட்டிலிருந்து உறவினர் யாராவது மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட்டுக்கு வந்துவிட்டால், மறுநாளே எங்கள் வீட்டில் வாக்குவாதம் தொடங்கிவிடும். பழைய மாளிகை ஒன்றைக் காட்ட வேண்டும். பத்து காஜாவுக்குப் போவதா, பினாங்குக்குப் போவதா?

இரண்டுமே பேராக் மண்ணில் விளைந்த பணம். பத்து காஜா அருகிலுள்ள கெல்லி காசலை, ரப்பர் தோட்ட முதலாளியான ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் கட்டத் தொடங்கினார். பினாங்கில் சர்ச் ஸ்திரீட்டில் பச்சை வண்ணத்தில் நிற்கும் பெரானாக்கான் (மலாய்ப் பண்பாட்டோடு கலந்த சீன வம்சாவளியினர்) மாளிகையோ, பேராக்கின் லாருட் பகுதி வெள்ளீயச் சுரங்கங்களில் செல்வம் சேர்த்த கப்பித்தான் (சீனர் தலைவர்) சுங் கெங் குவீ 1890களில் எழுப்பியது.

கலைப்பொருள்தான் வேண்டும் என்றால் பினாங்குக்கு எதிரே கெல்லி காசல் நிற்கவே முடியாது. முத்துச்சிப்பி பதித்த கருமர நாற்காலிகள், பாசிமணி கோத்த செருப்புகள், பீங்கான், நகை என ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள். நடுவில் வானம் பார்த்த முற்றம்; நம் ஊர்ப் பெரிய வீடுகளை நினைவூட்டும். சுற்றி நிற்கும் இரும்புத் தூண்கள் ஸ்காட்லாந்தில் வார்த்தவை, தரை ஓடுகள் இங்கிலாந்திலிருந்து வந்தவை. ஒன்று சொல்லிவிடுகிறேன்: சுங் பாபா (பெரானாக்கான் ஆண்) அல்லர், ஹக்கா சீனர். அங்குள்ள சேகரிப்பு பிற்காலத்தில் வந்தது. அதற்காக அழகு குறைந்துவிடவில்லை. வாகனம் நிறுத்த இடம் தேடி அலைவதில்தான் பாதி உற்சாகம் வடிந்துவிடும்.

கெல்லி காசலில் பல அறைகள் வெறுமையாகக் கிடக்கின்றன. துரை 1926இல் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்துபோக, வேலை அப்படியே நின்றுவிட்டது. மின்தூக்கிக்கென்று விட்ட இடம் இன்னும் காலி. ஆனால் வெளியே புல்வெளி உண்டு, பிள்ளைகள் ஓடலாம். பினாங்கில் முற்றத்தைத் தாண்டித் தோட்டம் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஆனாலும் நான் முதலில் அழைத்துப்போவது பத்து காஜாவுக்குத்தான். காரை பெயர்ந்த சுவர்களில் தெரியும் செங்கல்லை அடுக்கியவர்கள் மெட்ராஸிலிருந்து வந்த நம்மவர்கள். 1918 வாக்கில் பரவிய விஷக்காய்ச்சலில் பலர் மாண்டபோது, எஞ்சியவர்கள் கேட்டதன்பேரில் துரை மாரியம்மன் கோயில் ஒன்றைக் கட்டிக்கொடுத்ததாகச் சொல்வார்கள். கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் கூரையில், சாமி சிலைகளுக்கு நடுவே, கோட்டும் தொப்பியுமாகத் துரையும் நிற்கிறார். பினாங்கிலும் மாளிகையை ஒட்டிய கோயிலில் கப்பித்தானுக்குச் சிலை உண்டு. அது அவருடைய சொந்தக் குடும்பக் கோயில்.

சென்ற முறை சென்னையிலிருந்து வந்த சித்தப்பா பேத்தி அண்ணாந்து பார்த்து, "இந்தச் சாமி ஏன் தொப்பி போட்டிருக்கிறது?" என்று கேட்டாள். முப்பது ஆண்டு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய அம்மா பதில் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் மாரியம்மனைக் கும்பிட்டார். வெளியே வந்தவர், மறந்தும் கூரைப் பக்கம் நிமிரவில்லை.