வண்டி ராத்திரி எங்கே நிற்கும்?

காட்பாடி ஜங்ஷன் வாசலில் டிரெயினுக்குக் காத்திருக்கும்போது எங்கள் ஸ்டாண்டில் வாரம் ஒருமுறையாவது இந்தச் சண்டை வந்துவிடும். பேட்டரி காரா, ஹைபிரிட்டா, பழைய டீசலா? "இனிமே டீசல் வாங்கறவன் ஏமாந்தவன்" என்பார் ஒருத்தர். "கிருஷ்ணகிரி தாண்டி சார்ஜ் இறங்கிட்டா பார்ட்டிய இறக்கித் தள்ளச் சொல்லுவியா?" என்பார் இன்னொருத்தர்.

நான் இருபத்திரண்டு வருஷமாக வாடகை வண்டி ஓட்டுகிறேன். என்னுடையது ஏழு சீட்டு டீசல். சத்துவாச்சாரியில் இருக்கும் என் தங்கை வீட்டுக்காரர் இரண்டு வருஷமாகப் பேட்டரி கார் வைத்திருக்கிறார். ஸ்டாண்டில் ஒரு கூட்டாளி தன் ஓனருடைய ஹைபிரிட்டை, அதாவது பெட்ரோல் இன்ஜினும் சின்ன பேட்டரியும் சேர்ந்த வண்டியை, ஓட்டுகிறார். மூன்றையும் மாற்றி மாற்றி ஓட்டிய பிறகுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. சண்டை போடுகிற யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் வண்டி ராத்திரி நிற்கிற இடம் வேறு, பகலில் ஓடுகிற தூரம் வேறு.

முதலில் எங்கள் ஊர்ப் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். வங்காளத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வருகிற பேஷண்ட்டுகள் காட்பாடியில் இறங்கி வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். 2022-ல் அதன் ராணிப்பேட்டை வளாகம் வந்த பிறகு அங்கேயும் சவாரி உண்டு. எல்லாம் சின்ன தூரம், நிறைய வெயிட்டிங். போன மே மாசம் அந்தத் தங்கை மாப்பிள்ளையின் பேட்டரி வண்டியில் ஒரு பெரியம்மாவை ஆபரேஷன் முடிந்து லாட்ஜுக்குக் கூட்டிப் போனேன். மகன் மருந்து வாங்கப் போய் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. வெளியே அக்னி நட்சத்திர வெயில். உள்ளே ஏ.சி. ஓடிக்கொண்டே இருந்தது, இன்ஜின் சத்தம் இல்லை, புகை நாற்றம் இல்லை, சீட்டில் அதிர்வு இல்லை. அந்த அம்மா தையல் போட்ட இடத்தில் கையை வைத்தபடியே தூங்கிவிட்டார். என் டீசலாக இருந்தால் இன்ஜின் ஓடினால்தான் ஏ.சி. அந்த நடுக்கம் வயிற்றுத் தையல் போட்டவருக்கு எப்படி இருக்கும் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. இந்த வேலைக்குப் பேட்டரி வண்டியை அடிக்க வேறு வண்டி கிடையாது.

காசுக் கணக்கும் அப்படித்தான். மாப்பிள்ளை மாசம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறார். வீட்டில்தான் சார்ஜ். ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் ஓடுகிறது. இரண்டு மாத ஈ.பி. பில் நாலாயிரம் ரூபாய் பக்கம் ஏறியது, அவ்வளவுதான். அந்த இரண்டு மாதத் தூரத்துக்கு 14 மைலேஜ் தரும் பெட்ரோல் வண்டிக்கு இருபத்தோராயிரம் ஆகும். ஹைபிரிட் 20 கொடுத்தால் பதினைந்தாயிரம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வீட்டு மீட்டர் 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்கு மேல் ஓடும் யூனிட் எட்டு ரூபாய்க்கு மேலே போய்விடுகிறது. ஏற்கெனவே இரண்டு ஏ.சி. ஓடுகிற வீடாக இருந்தால் லாபம் கொஞ்சம் குறையும். அப்போதும் லாபம்தான்.

ஆனால் இந்தக் கணக்கு சொந்த ஷெட் உள்ளவர்களுக்கு மட்டும். வாடகை வீட்டில் மூன்றாவது மாடியில் குடியிருந்து, தெருவில் வண்டி நிறுத்துகிறவர் வெளியே போய்த்தான் சார்ஜ் போட வேண்டும். வேகச் சார்ஜர் யூனிட்டுக்கு இருபது ரூபாய் சொச்சம் கேட்கிறது, 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் வந்துவிடுகிறது. ஹைபிரிட்டின் ஐந்து ரூபாய்க்கு அது ரொம்ப தூரமில்லை. சார்ஜர் பக்கத்தில் உட்கார்ந்து கழிகிற நேரத்தையும் சேர்த்தால், அவருக்கு நான் பேட்டரி வண்டியைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

தூரப் பயணத்தில் கதை மாறுகிறது. சென்னை இங்கிருந்து 140 கிலோமீட்டர். சின்ன பேட்டரி வண்டிக்குச் சான்றிதழில் முந்நூறுக்கு மேல் போட்டிருக்கும். ஏ.சி.யோடு நாற்கரச் சாலையில் நூறில் ஓட்டினால் இருநூறு கிடைப்பதே பெரிசு. போய் வர வழியில் ஒரு சார்ஜ் கட்டாயம். ஒருமுறை நானும் மாப்பிள்ளையும் திரும்பி வரும்போது ஹைவே ஓட்டல் ஒன்றில் நிறுத்தினோம். இரண்டு சார்ஜர். ஒன்றின் முன்னால் ஒரு பெட்ரோல் கார் நின்றது, டிரைவர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னொன்றில் சார்ஜர் கன்னை மாட்டினால் ஆப் முதலில் வாலட்டில் பணம் போடச் சொன்னது. போட்டதும் "கோளாறு" என்று சிவப்பு விளக்கு. 11 சதவீதத்தோடு, ஏ.சி.யை அணைத்து, லாரிக்குப் பின்னால் அறுபதில் உருட்டி அடுத்த சார்ஜருக்குப் போனோம். சொந்தக் குடும்பத்தோடு போனால் சரி. டிஸ்சார்ஜ் ஆன பேஷண்ட்டை வைத்துக்கொண்டு அந்தப் பாடு படக் கூடாது.

பெங்களூரு சவாரிக்கு ஹைபிரிட்தான் கெட்டிக்காரன். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி, ஓசூர் ரோடு நெரிசலில் மணிக்கணக்கில் ஊர வேண்டும். அங்கே என் டீசல் பல்லைக் கடித்துக்கொண்டு எரிகிறது. ஹைபிரிட் இன்ஜினை அணைத்துவிட்டுச் சின்ன பேட்டரியிலேயே நகர்கிறது, பிரேக் பிடிக்கப் பிடிக்க அதுவே சார்ஜ் ஏற்றிக்கொள்கிறது. பிளக் தேடும் வேலையே இல்லை. ஆனால் நேர்ச் சாலையில் நூறுக்கு மேல் விரட்டினால் அந்த லாபம் சுருங்கிவிடும். டொயோட்டா ஹைரைடர் ஹைபிரிட்டுக்கு லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்று சான்று. கையில் இருபது, இருபத்திரண்டு வந்தால் திருப்திப்பட வேண்டும். விலைதான் இடிக்கிறது. பேட்டரி காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் காருக்கு 18. நாலு மீட்டர் தாண்டிய ஹைபிரிட்டுக்கு 40. எரிபொருளை மிச்சம் பிடிக்கிற வண்டிக்கு இந்த வரி நியாயமே இல்லை என்பது என் எண்ணம்.

டீசலை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வராது. ஏழு பேர், மேலே கேரியர் லக்கேஜ், திருப்பதி மலை, ராத்திரி இரண்டு மணி, எதற்கும் முகம் சுளிக்காது. எந்த ஊர்ப் பட்டறையிலும் கை வைப்பார்கள். ஆனால் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு சைலன்சர் வழியில் புகைக்கரி வடிகட்டி ஒன்று இருக்கிறது. காட்பாடிக்கும் சி.எம்.சி.க்கும் மட்டும் ஓட்டினால் அது சூடேறாமல் அடைத்துக்கொள்ளும். டேஷ்போர்டில் விளக்கு எரிந்தால் காலி வண்டியை வாலாஜா டோல்கேட் வரை விரட்டிவிட்டுத் திரும்புவேன். அந்த டீசல் என் கைக்காசு. ஊருக்குள்ளேயே சுற்றுகிறவர் புது டீசல் வாங்க வேண்டாம்.

பயத்தைப் பற்றியும் பேச வேண்டும். 2022 மார்ச்சில் நம் வேலூரிலேயே, வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து ஒரு தகப்பனும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். அதைக் கேட்ட வீட்டில் "பேட்டரி வேண்டாம்" என்றால் அது அறியாமை இல்லை. அதற்குப் பிறகு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை அரசு இறுக்கியது. கார் பேட்டரிகள் பலவற்றில் கூலன்ட் ஓடிக் குளிர்விக்கும் ஏற்பாடும் உண்டு. இருந்தாலும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சார்ஜ் போடாதீர்கள். தனி வயர், சரியான எர்த், காற்றோட்டமான இடம். வாசக்கதவை அடைத்து நிறுத்தாதீர்கள்.

வாடகை வண்டிக்காரர்களுக்கு இன்னொன்று. பேட்டரிக்கு எட்டு வருஷம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி என்பார்கள். சொந்த வண்டிக்கு எட்டு வருஷம் தாராளம். வருஷம் அறுபதாயிரம் ஓடுகிற நமக்கு மூணு வருஷத்துக்குள் கிலோமீட்டர் முடிந்துவிடும், லோன் முடியாது. டி போர்டு வாடகை வண்டிக்கு நிபந்தனை வேறாக இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் தாளை வாசியுங்கள்.

நான் முடிவெடுத்துவிட்டேன். டீசலை விற்கவில்லை, அது பெங்களூருக்கும் திருப்பதிக்கும் ஓடும். ஸ்டேஷன் சவாரிக்கு மட்டும் சின்னதாக ஒரு பேட்டரி வண்டி, பச்சை போர்டில் மஞ்சள் எழுத்து. நாளுக்கு நூறு கிலோமீட்டர் தாண்டாது, வருஷத்துக்கு முப்பதாயிரம்தான் ஆகும். ராத்திரி வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் நிற்கும். வாடகை வண்டிக்கு வீட்டு மீட்டரிலேயே போடலாமா, தனி மீட்டர் வேண்டுமா என்று ஈ.பி. ஆபீஸில் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எர்த் குழி தோண்ட எலெக்ட்ரீஷியன் வருகிறார்.